வியாழக்கிழமை கொடுத்த கமாண்ட்

ஆகஸ்ட் 19, செவ்வாய். 5.30க்கு எழுந்தேன். 5.45க்கு மோட்டார் போட்டு 6.03க்கு நிறுத்தினேன். காவிரித் தண்ணீர் வரவில்லை. 7.10க்கு வாசலில் மீன் வந்தது, மனைவி நகரை மீன் வாங்கினாள். 8.55க்கு முன்னறையில் லேப்டாப்பைத் திறந்தேன். டைரியில் எல்லாம் இருக்கிறது.

ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தேயிராத ஊரில் ஓடும் ஒரு மெயின்பிரேமை, அதாவது பெரிய கணினியை, கவனிப்பது என் வேலை. ஒரு புரோகிராம் ஓடும்போது பாதியில் நின்று விழுந்தால், அந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததை இயந்திரம் ஒரு கோப்பில் கொட்டி வைக்கும். டம்ப் என்போம். எந்தெந்தப் பகுதியைக் கொட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைப்பவன் நான்.

சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு புரோகிராம் விழுந்துகொண்டிருந்தது. எழுதியவள் எங்கள் குழுவில் இருக்கும் கமுதிக்காரப் பெண். தவறு அவளுடையதுதான் என்று மேலாளர் முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை அவளைக் குழுவிலிருந்து எடுக்க இருந்தார். எல்லாப் புரோகிராம்களும் புழங்கும் பொதுப் பகுதியும் டம்பில் இருந்தால், வேறு புரோகிராம் ஏதாவது அதைக் கெடுத்ததா என்ற உண்மை தெரிந்துவிடும். "அடுத்த தடவை விழட்டும், தப்பாது" என்று கூட்டத்தில் நான்தான் மார்தட்டியிருந்தேன்.

அந்தச் செவ்வாய் 11.05க்கு விழுந்தது. உடனே அவள் போன்.

"அண்ணே, டம்ப் வந்துருச்சா?"

வந்திருந்தது. பொதுப் பகுதி மட்டும் இல்லை.

யாரைத் திட்டலாம் என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். பிறகு டைரியைப் புரட்டினேன். வியாழன்: "4.10 கமாண்ட் கொடுத்தேன். 4.12 சரிபார்த்தேன். 4.15 டீ, சர்க்கரை அரை ஸ்பூன்." ஞாயிறு: "6.00 இயந்திரம் ரீஸ்டார்ட்." பொதுப் பகுதியையும் கொட்டு என்று கமாண்டாகக் கொடுத்தது ரீஸ்டார்ட் ஆனதும் போய்விடும். நிலைக்க வேண்டுமானால், இயந்திரம் எழும்போது படிக்கிற கோப்பிலும் எழுத வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே அதுதான். கை ஆட்டி ஆட்டி நடத்துவேன்.

என் புலம்பலைக் கேட்டு வந்த மனைவி தோளுக்குப் பின்னால் நின்று டைரியை வாசித்துவிட்டாள்.

"மிஷின்ல எழுத மறந்துட்டு டீயை எழுதிருக்கீக. அதுவும் பொய்யி. அன்னைக்கு ரெண்டு ஸ்பூன் கேட்டு வாங்கிக் குடிச்சீக."

கமுதிக்காரப் பெண்ணிடம் உள்ளதைச் சொன்னேன்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள இன்னொரு தடவை விழுமாண்ணே?"

தான் எழுதியது விழ வேண்டும் என்று அவளே வேண்டிக்கொள்ளும்படி செய்திருந்தேன்.

கமாண்டை மறுபடி கொடுத்தேன். 4.40க்கு மேலாளருக்கு எழுதி அனுப்பினேன்: டம்ப் குறைபட்டது கோப்பில் எழுதாத என் தவறு, அடுத்தது வரும்வரை அந்தப் பெண்ணை எடுக்க வேண்டாம். நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. 5.25க்குப் பதில் வந்தது: "அவர் இருக்கட்டும். நாளைக்குள் கோப்பில் எழுதிவிடுங்கள்."

மறுநாள் 5.30க்கு எழுந்ததும், மோட்டாரைக்கூடப் போடாமல், அவளைப் போனில் அழைத்தேன். என்மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. கோப்பைத் திறந்து வரியை அடித்து, சத்தமாக இரண்டு முறை வாசித்துக் காட்டினேன்.

"சரியா இருக்குண்ணே. சேவ் பண்ணிட்டீகளா?"

அதற்குப் பிறகுதான் சேவ் செய்தேன். மணி 5.41.