இடது பக்கப் பின்கதவு

பேய், முனி, காத்துக் கருப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய் வேறு வேலை பார்க்கிறவள் நான். எங்கள் தோட்டத்தில் அந்தப் பேச்சுக்குக் குறைவே இல்லை, ஆனால் எனக்கு அதில் பயமும் வந்ததில்லை, சிரிப்பும் வந்ததில்லை, நேரம் இல்லை, அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவளும் அந்த மாதிரி ஆள்தான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நினைத்தாலும் நான் ஒன்றும் செய்ய முடியாது, நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் செல்வி, டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். சில வருஷம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, சேர்த்ததையெல்லாம் போட்டு வாடகைக்கு ஹயர் ஓடுவதற்காக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், வந்து போவார். பொம்பளை ஹயர் ஓடுவதா என்று லயத்து வீடுகளில் சிரித்தவர்களே பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள். அதற்கு ஒரே காரணம், என் கார் சுத்தமாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. நோயாளியை ஏற்றுகிற வண்டி நாறினால் பாதி வழியிலேயே வாந்தி எடுத்துவிடுவார்கள், மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

ஓட்டம் முடிந்து வந்ததும் மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீருக்குக் குழாய் போட்டு, முதலில் டயருக்கு மேலே உள்பக்கமாக அப்பியிருக்கும் தோட்டத்து ரோட்டுச் சேற்றைக் கழுவி விடுவேன், அதை விட்டுவைத்தால் தகடு அரித்துவிடும். பிறகு கூரையில் ஆரம்பித்துக் கீழே வரைக்கும் சோப்பு, அதற்குத் தனித் துணி, துடைக்கத் தனித் துணி. உள்ளே கால் மிதிக்கிற மெட்டுகளை எடுத்து உதறி, சீட் இடுக்கில் கிடக்கிற பிஸ்கட் தூள் வரைக்கும் பிரஷ் போட்டு எடுத்து, கண்ணாடிகளை உள்பக்கமும் துடைப்பேன். எங்கள் பக்கம் மிஸ்ட் இறங்கிப் பனி மூடினால் அழுக்குக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியாது.

அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிற காரில், வாங்கிக் கொஞ்ச காலத்திலேயே, இடது பக்கப் பின் சீட்டுக்குக் கீழே, கால் வைக்கிற இடம் மட்டும் நனைய ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்தால் மெட் ஊறிப்போய்க் கிடக்கும், அடியில் கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் கையில் ஏறும். மழைதான் எங்கேயோ ஒழுகுகிறது என்று நினைத்தேன், யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். கார்பெட்டைத் தூக்கி வெயிலில் போட்டுக் காய வைத்தேன். அடுத்த நாளும் ஈரம்.

ஹட்டனில் நிஸ்தார் நானா என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், பொறுமையான மனுசன். அவரிடம் கொண்டுபோய் விட்டேன். கதவின் உள் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தண்ணீர் வெளியேறுகிற சின்ன ஓட்டைகள் இலைக் குப்பையால் அடைத்திருந்தன. "இதுதான் தங்கச்சி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் குத்திவிட்டார். ரப்பர் பீடிங்கையும் புதிதாகப் போட்டார். மூன்று நாள் காய்ந்திருந்தது, பிறகு பழையபடி. மறுபடி போனேன். ஏசித் தண்ணீர் வடிகிற குழாயைப் பார்த்தார், தரையில் உள்ள ரப்பர் மூடிகளையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தார். என்னை உள்ளே டார்ச்சோடு உட்காரவைத்துவிட்டு வெளியில் இருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குத் தெரிஞ்ச ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு" என்றார்.

எனக்கு விட மனசில்லை. கார்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதில் ஒன்று சரியில்லை என்றால் அது என்னவென்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மழை இல்லாத மாசி மாதத்தில் காரைத் தறப்பாளால் மூடி, கதவு ஓரம் முழுக்கக் குழந்தைகளுக்குப் பூசுகிற பவுடரைத் தூவி வைத்தேன். தண்ணீர் எந்த வழியாக வந்தாலும் பவுடரில் கோடு விழுந்துவிடும் இல்லையா. காலையில் பார்த்தால் பவுடர் தூவியது தூவிய மாதிரி இருக்கிறது, மெட் நனைந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைத் துணியில் ஒற்றிப் பிழிந்து பார்த்தேன். ஒழுகி வருகிற தண்ணீர் என்றால் கொஞ்சம் மண்ணாவது இருக்கும். இது தெளிந்த தண்ணீர். கை விறைத்துப்போகிற குளிர்.

வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தக் காரில் என்னமோ இருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், என் பிழைப்பு முடிந்தது. வீட்டுக்காரரிடம் மட்டும் போனில் சொன்னேன். "வித்துத் தொலை" என்றார். "விக்கிறதுக்கா வாங்குனேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காரை எனக்கு விற்றவர் பொல்பிட்டியவில் இருக்கிற ஜயரத்ன மாத்தயா, வேலையில் இருந்து ஓய்வு பெற்ற சிங்களப் பெரியவர். ஒருநாள் கினிகத்தேனைக்கு ஹயர் கிடைத்தபோது அப்படியே இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். சிங்களத்தில் நேரடியாகவே கேட்டேன், இந்தக் காரில் யாருக்காவது ஏதாவது நடந்ததா, ஆற்றில் கீற்றில் விழுந்ததா என்று. அவருக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பாவம் போலப் பார்த்தார். "நங்கி, புதுசா எடுத்ததிலிருந்து நானும் என் மனைவியும் மட்டும்தான் போனோம். ஒரு கீறல்கூட விழவில்லை. ஒரு நாளும் நனைந்ததும் இல்லை" என்றார். வாசல் வரைக்கும் வந்து அந்த மெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. திரும்பி வரும்போது எனக்கு அதுதான் பெரிய பாரமாக இருந்தது. அவரிடம் நனையாதது என்னிடம் வந்துதான் நனைகிறது.

சரி, நனைந்தால் துடைப்பேன், மறுபடி நனைந்தால் மறுபடி துடைப்பேன், யார் முதலில் அலுத்துப்போகிறார்கள் என்று பார்ப்போம் என்று முடிவு செய்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். பழைய துவாய் நாலைந்து வைத்திருந்தேன், ஒற்றி எடுத்து, காற்றாடியைக் காட்டிக் காய வைத்து, காய்ந்த மெட்டைப் போட்டுவிட்டுத்தான் ஹயருக்குப் போவேன்.

அப்படி இருக்கும்போதுதான் மாரியப்பன் அண்ணனை நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரப் போனேன். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரர், அதற்கு முன் என் காரில் ஏறினதே இல்லை. ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டிருந்தார்கள், மற்றக் கண்ணும் மங்கல், வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அவர் சம்சாரம் பாக்கியம் அக்காவுக்கு வளைவு ரோட்டில் தலை சுற்றும், அதனால் அவர் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் எனக்கு நேர் பின்னால். இடது பக்கம் யாரும் இல்லை.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிப் புறப்பட்டோம். நானுஓயா கழிந்ததும் மழையும் மிஸ்டும் சேர்ந்து இறங்கிவிட்டது, லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் வந்தேன். அக்கா தூங்கிவிட்டார். பின்னால் அண்ணன் தணிந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார். போனில் மகனோடு பேசுகிறார் என்று நினைத்தேன். நடுவில் நிறுத்துவார், கேட்பார், "ம்" போடுவார். ஒருமுறை கண்ணாடியில் பார்த்தேன், பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். கையில் போன் இல்லை.

லிந்துலைக்குக் கிட்ட வரும்போது என் தோளுக்குப் பின்னால் இருந்து சொன்னார்:

"தங்கச்சி, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க. இவங்க எறங்கணுமாம்."

"யாருண்ணே?"

"இந்தா, பக்கத்துல இருக்காங்களே, இந்தம்மா."

பாக்கியம் அக்கா விழித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "அங்க யாரு இருக்கா? மருந்து மயக்கம் இன்னும் தெளியல ஒங்களுக்கு" என்றார்.

"மருந்தும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒடம்பு பூரா நனைஞ்சு, குளிர்ல நடுங்கிக்கிட்டு இருக்காங்க. உள்ள இருந்து கதவு தொறக்க வரலியாம், வெளிய இருந்து தொறந்துவிடச் சொல்றாங்க."

சின்னப் பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்று, வாங்கிய புதிதிலேயே அந்த இடது பின்கதவுக்கு லாக் போட்டிருந்தேன், உள்ளே இருந்து திறக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரிய வழியில்லை. அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை, நான்தான் வலது கதவைத் திறந்து அவரைப் பிடித்து ஏற்றினேன்.

நிறுத்தாமல் போயிருக்கலாம். அக்கா போகத்தான் சொன்னார், என் கையைப் பிடித்துக்கொண்டு, "போ செல்வி, போ, நிப்பாட்டாத" என்று சொன்னார். ஆனால் இத்தனை மாதம் நான் தேடினது என்ன? ஓட்டை எங்கே என்றுதானே தேடினேன். இப்போது வந்து பயந்து ஓடினால் நாளைக்குக் காலையில் மறுபடி துவாயோடு குனிய வேண்டும். ஓரம் கட்டி பிரேக்கைப் போட்டேன். இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றி வந்து அந்தக் கதவை அகலமாகத் திறந்தேன்.

சீட் காலி. மெட்டில் காலையில் நான் காய வைத்தது எதுவும் மிச்சமில்லை, தண்ணீர் தேங்கி நின்றது.

ஹயரில் வயசானவர்களை இறக்கும்போது சொல்கிற மாதிரி, "பாத்து எறங்குங்க" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

நம்பினால் நம்புங்கள். என் காரின் பின் ஸ்பிரிங் ஏற்கனவே தளர்ந்துபோனது, ஆள் ஏறினால் அந்தப் பக்கம் அமுங்கும், இறங்கினால் கிறீச் என்று ஒரு சத்தத்தோடு எழும்பும், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்குக் கையிலேயே தெரியும். அந்தச் சத்தம் கேட்டது. கதவு என் கையோடு மேலே எழும்பியது. மழைக்குள் குளிராக ஏதோ என்னை உரசிக்கொண்டு போன மாதிரி இருந்தது, அது காற்றாகவும் இருக்கலாம், அதை நான் சத்தியம் செய்யமாட்டேன். கார் எழும்பியதற்குச் சத்தியம் செய்வேன். அண்ணன் உள்ளே இருந்து, "சரிங்கம்மா, பாத்துப் போங்க" என்று வணக்கம் சொல்கிற மாதிரி கையைத் தூக்கினார்.

அவர்களை இறக்கிவிட்டு வந்து, அன்று மாலையே கார்பெட்டை எடுத்துக் கழுவினேன், பிழிந்தேன், அடுப்படியில் கட்டிக் காய வைத்துத் திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகு இன்றைக்கு வரைக்கும் அந்த இடம் நனையவில்லை. எவ்வளவோ மழை பெய்துவிட்டது, ஒரு சொட்டு இல்லை. கதவு லாக்கை மட்டும் எடுத்துவிட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு மாரியப்பன் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். நல்லாப் பார்வை வந்திருந்தது. என்னதான் பேசினார்கள் என்று கேட்டேன்.

"ஒங்களப் பத்தித்தான் தங்கச்சி" என்றார். "எங்கயோ ஒரு எடத்துல மழையில நிப்பாட்டி, நாலு கதவையும் தொறந்து போட்டு மெட்டு ஒதறிக்கிட்டு இருந்தீங்களாம். ஏறச் சொல்றாங்கன்னு நெனச்சு ஏறிட்டேன்னு சொன்னாங்க. காலையில நீங்க கதவத் தொறக்குற எடம் அவங்க எறங்குற எடம் இல்லியாம். பாவம் அந்தப் புள்ள காலையில காலையில தொடைக்குது, நா நனைச்சுக்கிட்டே இருக்கேன்னு ரொம்ப சங்கடப்பட்டாங்க."

"பேரு ஏதும் சொன்னாங்களா?"

"கேக்கத் தோணல. அவங்க மட்டுந்தான் இருந்தாங்க, பாவம், பேச்சுத் தொணைக்குப் பேசுனேன்."

மழையில் நிறுத்தி மெட் உதறினது எத்தனையோ இடத்தில். எந்த இடம் என்று எனக்கு ஞாபகம் வரவே இல்லை. லிந்துலைக்குப் பக்கத்தில் அந்த இடத்தையும் பிறகு வெயில் நாளில் நின்று பார்த்தேன், ஒரு பக்கம் மதில், மறுபக்கம் செங்குத்தாக இறங்குகிற தேயிலை, லயமும் இல்லை, ஒற்றையடிப் பாதையும் இல்லை.

அதையெல்லாம்கூட நான் ஒருவாறு ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஒரு பாவப்பட்ட மனுசி, ஏறினாள், இறங்கினாள், என் வண்டி அவளைக் கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு அதே காரைத்தான் இன்றைக்கும் கழுவித் துடைத்து ஓட்டுகிறேன். ஆனால் அண்ணனிடமும் சொல்லாத, அக்காவிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கார் எழும்பியது என்றேன் இல்லையா, அது எழும்பி நின்ற பிறகு, நான் கதவைச் சாத்தப் போன நேரத்தில், இன்னொரு தடவையும் எழும்பியது. லேசாக. ஒரு சின்னப் பிள்ளை குதித்து இறங்கினால் எழும்புகிற அளவுக்கு.