வார்த்தை இல்லாத கேரல்

போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். டாக்டரம்மா பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு ஈறில் வைத்து, "அரை மணி நேரம் வாயத் தொறக்காதீங்க அங்கிள்" என்றார். எனக்கு இது பெரிய தண்டனை. ஆனால் அந்தக் கிராம்பு வாசனை மூக்கில் ஏறியதும் நான் அந்த நாற்காலியில் இல்லை. எங்கள் சபையின் கொயர் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பிரேசர் டவுன் பக்கம் எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபை. சின்னதுதான். சபையை நடத்துகிற மூப்பர்கள் நாலு பேர், காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன் ஒன்று, பாடகர்கள் பதினாறு பேர். கொயர் மாஸ்டர் ஜெயசீலன் டெலிபோன் ரிப்பேர் வேலையில் இருந்தவர். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆராதனைக்கும் முன்பு எங்கள் உள்ளங்கையில் ஒரு கிராம்பும் ஒரு துண்டு கற்கண்டும் வைப்பார். "தொண்டை ஆண்டவருது. நம்மகிட்ட வாடகைக்கு இருக்கு, பாத்து வெச்சுக்குங்க" என்பார். பதினாறு வாயில் கிராம்பு மணந்தால் என்ன ஆகும்? ஞாயிறு ஆராதனையில் எங்கள் பக்கம் பிரியாணி வாசனை வரும். பிரசங்கம் நீண்டால் முன் பெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பசி எடுத்துவிடும்.

நான் ஆண்குரலான டெனரில் சேர்ந்தது குரலால் அல்ல. பெண்குரலான ஆல்ட்டோவில் சரோஜா இருந்தாள். பிற்பாடு கல்யாணம் ஆகி அவள் என் வீட்டுக்காரி ஆனபிறகும் என்னைக் கொயரிலிருந்து எடுக்க மாஸ்டருக்கு மனசு வரவில்லை. மில்லில் ஃபிட்டர் வேலை, எட்டாவதுவரை படிப்பு. எனக்கு சோல்ஃபா படிக்க வராது. டோ ரே மீ எழுத்துகளும் நடுவில் இரண்டிரண்டு புள்ளிகளுமாக மாஸ்டர் ஸ்டென்சில் வெட்டி உருட்டித் தருகிற தாள், என் கண்ணுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான் இருக்கும். மற்றவர்கள் முதலில் சோல்ஃபாவில் பாடிப் பழகுவார்கள், அப்புறம் வார்த்தையை ஏற்றுவார்கள். நான் அந்த முதல் பாதியில் தாளை உற்றுப் பார்த்தபடி 'ம்ம்' என்று முனகிக்கொண்டிருப்பேன். வார்த்தை வந்ததும்தான் எனக்கு உயிர் வரும்.

இந்தக் குட்டு வெளிப்பட்டது, கன்னட ஊரில் தமிழர்களைத் தாக்கிய காவேரிக் கலவரம் நடந்த அந்த டிசம்பரில்.

கலவரம் ஓய்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஸ்ஸில் ஏறினால் தமிழில் டிக்கெட் கேட்கவே யோசித்தோம். அந்த வருஷம் கேரல் ரவுண்ட்ஸ் வேண்டாம் என்று மூப்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அது நியாயம்தான். வீடு வீடாகத் தெருவில் நின்று தமிழில் பாடுகிற காலமா அது? மாஸ்டரும் தலையாட்டிவிட்டார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தன்ராஜ் அண்ணன் வந்தார். உச்சக் குரல் பாடுகிற எங்கள் முதல் சொப்ரானோ ரஞ்சிதம் அக்காவின் கணவர். அக்காவின் குரல் எழும்பினால் ஆர்கன் தேவைப்படாது. இரண்டு மாதம் முன்பு அக்கா மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு உடைந்து, ஸ்ரீராம்புரத்து வீட்டில் காலில் கட்டோடு படுத்திருந்தார். கலவரத்தன்று யாரோ போகிறபோக்கில் எறிந்த கல், கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது. அக்காவுக்கு அடி இல்லை.

"அன்னையிலேருந்து வீட்டுக்குள்ளயே கிசுகிசுன்னுதான் பேசுறா மாஸ்டர்" என்றார் அண்ணன். "காபி வேணும்னாகூட என் காதுகிட்ட வந்து சொல்லணும்ங்கிறா. எந்திரிக்க முடியாதவ எப்படி வருவா, நான்தான் குனியணும். ஜெபம் பண்ணா ஆமென்கூட சத்தமா வரல. கேரல் வருமான்னு மட்டும் ரெண்டு வாட்டி கேட்டா."

மாஸ்டர் மூப்பர் செல்லத்துரை ஐயாவிடம் போய் நின்றார். ஐயா கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஒரு வீடுன்னா போங்க. ஜெபம் பண்ணிட்டு வந்துடுங்க. பாட்டு வேண்டாம்."

"பாட்டு வேண்டாம்னா கொயர் எதுக்குங்கய்யா? நீங்க மூப்பருங்களே போலாமே."

"ஜெயசீலா, உன் வாயி இருக்கே. ஒருத்தன் கல்ல எடுத்தான்னா பொம்பளைங்கள வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவ?"

அப்போது என் பின்னாலிருந்து சரோஜா சொன்னாள்: "வார்த்தைதானே ஐயா தமிழு. சோல்ஃபா எந்த ஊரு பாஷை?"

ஐயா அவளைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். கடைசியில், "பகல்லயே போய்ட்டு வந்துடுங்க" என்றார்.

பாட்டையும் மாஸ்டர் அங்கேயே சொல்லிவிட்டார். அவரே மெட்டுக்கட்டிய மேய்ப்பர் பாட்டு. தேவதூதன் சொன்ன 'பயப்படாதிருங்கள்' என்பதுதான் பல்லவி. அதை முழுக்க சோல்ஃபாவில் பாட வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வீட்டுலயே இரு மச்சான். வாய் தவறி வார்த்தை விட்டுட்டீன்னா வம்பாயிடும்" என்றார். பத்து வருஷம் தாளை உற்றுப் பார்த்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று நாள் சரோஜா எனக்குப் பாடம் எடுத்தாள். அவள் ரொட்டி தேய்க்க, நான் பக்கத்தில் நின்று ஸோ ஸோ லா ஸோ என்று ஒப்பித்தேன். தப்பினால் உருட்டுக்கட்டை உயரும். "மில்லுல அத்தனை நட்டு போல்டு ஞாபகம் இருக்குதில்ல, ஏழு சொரம் நிக்காதா உங்க தலையில?" ஆண்டவர் கிருபை, நின்றது.

கூட்டமாகப் போகவில்லை. இரண்டிரண்டு பேராக, வேறு வேறு பஸ்ஸில். பெண்கள் காய்கறிப் பை எடுத்துக்கொண்டார்கள். சோல்ஃபா தாள்கள் கொத்தமல்லிக் கட்டுக்கு அடியில் பயணம் செய்தன. மத்தியானம் மூன்று மணி, சந்தில் ஆள் இல்லை. உடைந்த ஜன்னலுக்கு அட்டை வைத்து மறைத்திருந்தார் அண்ணன். பதினைந்து பேர் நிற்க வீட்டுக்குள் இடம் ஏது? சந்திலேயே ஜன்னலை ஒட்டி நின்றோம். மாஸ்டர் வாய்க்குள்ளேயே சுருதி கொடுத்தார்.

அவ்வளவு மெல்ல நாங்கள் பாடியதே இல்லை. டோ டோ ரே மீ என்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வார்த்தை நாக்கின் நுனியில் வந்து வந்து நின்றது, விழுங்கினேன். முதல் அடி முடிந்தது. உள்ளே சத்தமே இல்லை. இரண்டாவது அடியும் போயிற்று. சரோஜா என்னைப் பார்த்தாள். அக்கா தூங்கிவிட்டாரா, அழுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை. பல்லவிக்குத் திரும்பினோம்.

அட்டைக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். "பயப்படாதிருங்கள்." முழு வார்த்தை, முழுத் தொண்டை. படுத்தபடி பாடுகிறவர் குரல் மாதிரியே இல்லை. சந்து முழுக்கக் கேட்டிருக்கும். கீழ்க்குரலில் பாஸ் பாடுகிறவர்கள் தாளைப் பைக்குள் செருகவே ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா நிறுத்தவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கௌரம்மா, கன்னடக்காரர், மாவுக் கையோடு வந்து வாசற்படியில் நின்றார். ஒவ்வொரு வருஷமும் எங்கள் கேரலை அங்கே நின்று கேட்கிறவர்தான். ஆனால் அந்த வருஷம் யார் மனசு எப்படி என்று யாருக்குத் தெரியும். எங்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன்ரீ, ஈ வர்ஷ நிம்ம ஹாடல்லி மாத்தே இல்வா? ஒளகே அக்கா சரியாகி ஹாட்தாவ்ரே" என்றார். இந்த வருஷம் உங்கள் பாட்டில் பேச்சே இல்லையா, உள்ளே அக்கா சரியாகத்தானே பாடுகிறார் என்று.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "இதெயம்மா, இதெ" என்றார், இருக்கிறதம்மா என்று. எங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். மூன்றாவது அடியை வார்த்தையோடு பாடினோம். எனக்குச் சுருதி நழுவியது, ஆனாலும் பாடினேன். பாட்டு முடிந்ததும் ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா, "டெனருல ஒருத்தன் அபசுரமா இழுத்தான், யாருடா அது?" என்று சத்தமாகக் கேட்டார். கிசுகிசு இல்லை. தன்ராஜ் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டேன், அவருக்குத் தெரியாவிட்டாலும்.

ஈஸ்டருக்கு அக்கா கோலூன்றி வந்து சொப்ரானோவில் உட்கார்ந்தார். அடுத்த கிறிஸ்மஸ் ரவுண்ட்ஸ் வழக்கம்போல நடந்தது, அந்தச் சந்துக்கும் போனோம், வார்த்தையோடு பாடினோம். முடிந்து கிளம்பும்போது கௌரம்மா விடவில்லை. "ஆ மாத்தில்லத ஹாடு ஹாடி" என்றார். அந்தப் பேச்சில்லாத பாட்டையும் பாடுங்கள் என்று. பாடினோம். அதிலிருந்து அந்தச் சந்துக்கு மட்டும் இரண்டு பாட்டு. போகப்போக அவரே கூடச் சேர்ந்து, ஸோ ஸோ லா ஸோ என்று சரியான இடத்தில் எழுப்புவார். நான் மூன்று நாள் அடிவாங்கிக் கற்றதை அவர் மாவு பிசைந்துகொண்டே கற்றுவிட்டார்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. அக்கா மகனோடு ஹெப்பகோடிக்குப் போனார், அங்கேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கௌரம்மா மகளோடு தும்கூர் போய்விட்டார். இரண்டு வீடும் இடிபட்டு நாலு மாடிக் கட்டடங்கள் எழும்பின. ஒரு வருஷம் பழக்கதோஷத்தில் அங்கே நின்று வார்த்தையில்லாமல் தொடங்கினோம். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு வாலிபர் எட்டிப் பார்த்து, "அங்கிள், பாட்டு மறந்துபோச்சா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

"இல்லப்பா" என்று சிரித்தார் மாஸ்டர். பக்கத்தைப் புரட்டி வேறு பாட்டு எடுத்தார். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நாங்கள் வார்த்தையோடுதான் பாடுகிறோம். வார்த்தை இல்லாமல் கேட்கத் தெரிந்த கௌரம்மா தும்கூரில் இருந்தார்.