மணிக்கட்டுக்குக் கீழே

கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றின் விலங்கியல் கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக ஏவலாளாக இருந்த ராமுலுவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டால், தேறிப் போன பையன்களைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுவான். மொத்தம் நாலே சரக்கு என்பான். தோல் மூடும், வெளியே தெரிகிற தோல் மட்டுமில்லை, வாயையும் குடலையும் உள்ளே மெழுகிவிட்டதுபோல் போர்த்தியிருப்பதும் அந்த வகைதான். நார் கட்டும், சதையை எலும்போடு பிணைப்பது அது. எலும்பும் கொழுப்பும் ரத்தமும் நாருக்குப் பங்காளிகள். சதை இழுக்கும். நரம்பு சேதி கொண்டுபோகும்.

"சேதி வராட்டி சதை சும்மா கெடக்குமுங்க, பண்ணையக்காரர் கூப்பிடாத ஆளாட்டம்" என்று ஒருமுறை மாணவர்களிடம் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

இதில் பாதியை வகுப்பின் பின்கதவோரம் நின்று கேட்டிருந்தான். மீதியைக் கத்தி பிடித்துத் தெரிந்துகொண்டான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவனுடைய அப்பன் செத்த மாடுகளை உரித்து, கிணற்றில் நீர் இறைக்கிற தோல்பறி தைத்துக் கொடுத்தவன். கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர் கோவிந்தராஜுலு, பாடம்பண்ணி வைக்கக் காட்டுப்பூனைத் தோல் ஒன்று தேடி அந்தப் பக்கம் வந்தபோது, இருபது வயது ராமுலு கண்ணிமைகூடக் கிழியாமல் உரித்துக் கொடுத்தான். அடுத்த மாதமே அவனைக் கூட்டிவந்து வேலையில் வைத்தார். "சாமின்னு கூப்பிடாதே. சார்னு கூப்பிடு" என்றார். அப்படி ஒருவர் சொல்லி ராமுலு அதற்குமுன் கேட்டதில்லை.

அவனுடைய பெரிய வித்தை தவளைக்காலில் இருந்தது. தொடைக்குள் மில் நூலைப் போல ஓடுகிற வெள்ளை நரம்பை, கெண்டைச் சதையோடு சேர்த்து, நசுங்காமல், இழுபடாமல் தனியே எடுத்து வைப்பான். மின்சாரச் சுருளின் கம்பியை நரம்பின் நுனியில் தொட்டால், அந்தக் கோடியில் இருக்கிற சதை வெடுக்கென்று சுருங்கும். மதராஸிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "எந்த மாணவன் செய்தது?" என்று கேட்டார். கோவிந்தராஜுலு புன்னகைத்தாரே தவிர பதில் சொல்லவில்லை. ராமுலு மூலையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். எதிர்த்த கடையில் அவனுக்குக் கொட்டாங்குச்சியில்தான் காப்பி. ஆனாலும் அந்தக் கூடத்துக்குள் அவன் விரல்களுக்கு ஈடு கிடையாது. அது போதும் என்று இருந்தான்.

1936-ஆம் வருஷம், ஆடி மாதம். பாம்பு ஊறப்போட்டிருந்த பெரிய கண்ணாடி ஜாடியை மேல்தட்டிலிருந்து இறக்கும்போது அடி விட்டுப்போயிற்று. உடைந்த விளிம்பு வலது மணிக்கட்டின் உட்புறம், சுண்டுவிரல் பக்கமாக, ஆழமாகப் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் ஏழு தையல். வெளியே பெருங்கூட்டம். டாக்டர் தைத்துக்கொண்டே, "விரலுக்கெல்லாம் உணர்ச்சி இருக்கா?" என்று கேட்டார்.

சுண்டுவிரல் அப்போதே யாருடைய விரலோபோல் கிடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் டாக்டரை விட்டால் ராமுலுவுக்குத்தான் தெரியும். ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஒண்ணுமில்லீங்க சாமி. எல்லாம் செரியா இருக்குதுங்க."

தோட்டத்தில் மாடு முட்டினாலும், கடப்பாரை காலில் விழுந்தாலும், பண்ணையக்காரர் கேட்டால் சொல்கிற பதில் அது ஒன்றுதான். அடிபட்டவன் என்று தெரிந்தால் விடிந்ததும் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். பன்னிரண்டு வருஷம் டவுனில் இருந்தும் அந்தப் பதில் அவனைவிட்டுப் போகவில்லை. சாயங்காலம் கோவிந்தராஜுலு கேட்டபோதும் அதையேதான் சொன்னான். சாமிக்குப் பதில் சார் என்றான், அவ்வளவுதான்.

பத்து நாளில் தோல் கூடிவிட்டது. ஒரு மாதத்தில் உள்ளே நார் முடிச்சிட்டுத் தடித்தது. அதற்குமேல் எதுவும் கூடவில்லை. புரட்டாசி பிறந்தபோது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. கடைசி இரண்டு விரல்களும் கொக்கிபோல் மடங்கின. இடுக்கியைப் பிடித்தால் நழுவியது.

அவன் மனைவி பழனியாத்தாள் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பகுதிக்குப் போகிறவள். வேப்பெண்ணெய் காய்ச்சி அந்தக் கையை உருவிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "ரண்டு வெரலுக்குச் சொரணை இல்லாட்டி என்னாங்க? எங்க மேஸ்திரிக்கு ஒடம்பு பூராவும் சொரணை கெடையாது. அவன் சம்பளம் வாங்கலையா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவேண்டும் என்பதற்காகத்தான் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை, கூடத்தில் ஆள் வருமுன்னே, மின்சாரச் சுருளை எடுத்து மேசைமேல் வைத்தான். பாட்டரியை மாட்டியதும் அது வண்டுபோல் ரீங்கரித்தது. முதலில் இடது முழங்கையின் உட்பக்கம், இடித்துக்கொண்டால் விரல்வரை சுரீரென்று ஓடுமே, அந்த இடத்தில் கம்பியை வைத்தான். மணிக்கட்டு வளைந்தது, பெருவிரல் இடுக்குச் சதை துள்ளியது. பிறகு வலது முழங்கை. மணிக்கட்டு வளைந்தது. இடுக்குச் சதை அப்படியே கிடந்தது. வெட்டுப்பட்ட இடம்வரை வந்த சேதி அங்கேயே நின்றுவிட்டது.

கம்பியைக் குழி விழுந்த சதைமேலேயே வைத்தான். அசையவில்லை. சுருளை நெருக்கி வேகத்தைக் கூட்டினான். தோல் சிவந்தது. இன்னும் கூட்டினான்.

"ராமுலு! என்ன பண்றே?"

கோவிந்தராஜுலு வாசலில் நின்றுகொண்டிருந்தார். கிட்ட வந்து அந்தக் கையை ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே ராமுலுவுக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் கேட்டான்.

"அந்துபோன நரம்போட நுனி ரண்டும் எட்ட எட்டக் கெடந்தா, தன்னால வந்து கூடுமாங்க சார்?"

"கூடாது."

"தெச்சா?"

"அன்னைக்கே பாத்துச் சேத்துத் தெச்சிருந்தா, மெதுவா வளந்திருக்கும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம்... ஏம்ப்பா, அன்னைக்கு உணர்ச்சி இருந்துதா இல்லையா?"

"இல்லீங்க."

"டாக்டர் கேக்கலையா?"

"கேட்டாருங்க. நாந்தான் ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

சுருள் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அவர் பாட்டரியைக் கழற்றினார். "நானும் கேட்டதோட விட்டுட்டேன்" என்றார் தனக்குள்.

மதராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டார். நுனிகள் சுருங்கி வடுவோடு ஒட்டியிருக்கும், இனிப் பயன் சந்தேகம் என்று மார்கழியில் பதில் வந்தது. அந்தக் கடிதம் வரும்வரை ராமுலு தினமும் இடது கையால் இடுக்கி பிடித்துப் பழகினான். அவன் அப்பன் தோல் தைத்த கை, காட்டுப்பூனையை உரித்த கை, எல்லாமே வலது கைதான். இடது கைக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. பங்குனியில் பரீட்சை வந்தது. முதல் தவளையின் நரம்பு நசுங்கியது. இரண்டாவதில் அறுந்தது. மூன்றாவதில் நரம்பு முழுசாக வந்தது. ஆனால் கம்பியை வைத்தபோது சதை துடிக்கவில்லை. பரீட்சகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோவிந்தராஜுலு கோட்டைக் கழற்றிவிட்டுத் தாமே உட்கார்ந்தார்.

சித்திரையில், வேலைக்கு உதவாதவனை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஆபீஸிலிருந்து காகிதம் வந்தது. ராமுலு தோட்டத்தை நினைத்தான். அங்கே போனாலும் பறிக்கயிறு பிடிக்க இரண்டு கை வேண்டும்.

ஒரு வாரம் கழித்து ஆசிரியர் கூப்பிட்டார். "உன்னை நிறுத்த வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கேன். வகுப்புக்கு நீ வேணும்னு."

"இனி என்னால என்ன ஆகுங்க சார்?"

அவர் அவன் கையைப் பார்த்தார். "அதைக் காட்டறதுக்குத்தான்" என்றார்.

ஆனியில் புது மாணவர்கள் வந்தார்கள். திசுக்களைப் பற்றிய பாடத்தில், நரம்பு அறுந்தால் சதைக்கு என்ன ஆகும் என்று சொல்லவேண்டிய இடம் வந்ததும், ராமுலு மேசையருகே போய் வெள்ளைத் துணிமேல் கையை நீட்டினான். ஐம்பது பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். குழியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னபோது முதலில் யாரும் தொடவில்லை. ஏன் என்று ராமுலுவுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆசிரியர் ஒரு குண்டூசியை நீட்டினார். அவனாசிப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுப் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டு, "வலிச்சா சொல்லுங்க" என்றான்.

"ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு ராமுலு சுவரைப் பார்த்தான்.

அவன் குத்தியதும் பையன்கள் உஸ்ஸென்றார்கள். ஒருவன் சிரித்தான். ஆசிரியர் பேசிக்கொண்டே கரும்பலகைக்குப் போனார். மணி அடித்தது. எல்லோரும் கலைந்தார்கள்.

தட்டுகளை எடுத்துத் தொட்டியில் போட்டபோதுதான் ராமுலு கவனித்தான். குண்டூசி சுண்டுவிரலில் பாதிவரை இறங்கி அப்படியே நின்றுகொண்டிருந்தது. பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. இடது கையால் பிடுங்கினான். துளி ரத்தம் வந்தது. அதைத் துடைத்துவிட்டு, அடுத்த வகுப்புக்கு வேண்டுமே என்று ஊசியைக் கழுவி வைத்தான்.