சத்தம் வராத சாப்பாடு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு அணில் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஏழாம் எண் போர்டில் உட்கார்ந்து ஒரு வெளியூர் டிரங்க் காலை இணைத்தாள். தன் பக்கச் சத்தம் லைனில் போகும் விசையை மூட மறந்துவிட்டு, மடியிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு வெள்ளரித் துண்டைக் கடித்தாள். பேசிக்கொண்டிருந்தவர் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் புகார் சொன்னார்.

"லைன்ல என்னமோ கொறிக்குதுங்க. அணில் பூந்திருக்கு போல."

சூப்பர்வைசர் அம்மா எழுந்து நின்று பன்னிரண்டு முதுகுகளையும் பார்த்தாள். "யாரும்மா அந்த அணில்?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. சூப்பர்வைசரும் சிரித்துவிட்டதால் தண்டனை எதுவும் இல்லை. பெயர் மட்டும் முப்பது வருடம் நின்றது.

சாப்பாட்டுக்கு அரை மணி என்று விதியில் இருந்தது. யாரும் எழுந்து போய்ச் சாப்பிட்டுப் பார்த்ததில்லை. ஒரு அழைப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு வாய், மூன்று வாய். கடித்தால் சத்தம் வராததாகத்தான் எல்லோரும் கொண்டுவருவார்கள்: குழைந்த சோறு, பாலில் ஊறிய ரொட்டி, வாழைப்பழம். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். எட்டாம் போர்டு அக்கா இதில் கைதேர்ந்தவள். முழு முட்டையை வாயில் வைத்துக்கொண்டே "எந்த ஊர் வேணும்?" என்று கேட்பாள், கேட்பவருக்குத் தெரியாது.

அவள் ஓய்வு பெற்ற மறுநாள் கணவர் மேஜையில் இரண்டு தட்டு வைத்தார். பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். அவள் ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே விரல் விட்டு எண்ணும் அளவுதான். அன்று அவர் சோற்றைப் பிசைந்து இரண்டாவது வாய் எடுப்பதற்குள் அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யாராவது துரத்துறாங்களா?"

"பசிச்சுது, சாப்ட்டேன்."

"சரிதான். முப்பது வருஷம் தனியா சாப்ட்டேன். இன்னும் மிச்சம் இருக்கு போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. அவர் முடிக்கும்வரை ஒரு வேளையாவது கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். அத்தனை சுலபமாக இல்லை. ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்வதென்று எண்ணிப் பார்த்தாள். எண்கள் அவளுக்கு வேறு பழக்கம். ஏழு எண்ணுவதற்குள் ஏதோ ஒரு ஊரின் நம்பர் ஞாபகம் வந்து கவளம் உள்ளே போய்விட்டது. சின்ன ஸ்பூனால் சாப்பிட்டாள். ஸ்பூன் வேகமாகப் போய் வந்தது. ஒரு நாள் வாய் நிறையச் சோறு இருக்கும்போது அவர் ஏதோ கேட்க, அப்படியே விழுங்கிவிட்டு, "லைன்ல இருங்க," என்றாள்.

மாஸ்டருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அங்க இப்படித்தான் சாப்பிடுவியா?" என்றார்.

"எல்லாரும்தான்."

"ஒரு நாள்கூட நிம்மதியா சாப்பிடலையா?"

யோசித்தாள். கை தட்டிலேயே இருந்தது.

"ஒரே ஒரு நாள். பெருமழை. எங்கயோ கம்பி அறுந்து எல்லா லைனும் செத்துப்போச்சு. போர்டுல ஒரு விளக்குகூட எரியல. முதல்ல பயந்துட்டோம். அப்புறம் எட்டாம் போர்டு அக்கா ஸ்டூலைத் திருப்பிப் போட்டா. 'அடியே, உங்க மூஞ்சியெல்லாம் இப்படித்தான் இருக்குமா'ன்னா. அதுவரைக்கும் பக்கவாட்டுலதானே பாத்திருக்கோம்."

அவர் சிரித்தார். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தாள். பன்னிரண்டு டப்பாக்களையும் தரையில் பரப்பியது, சூப்பர்வைசர் அம்மா அலமாரியிலிருந்து வறுகடலைப் பொட்டலம் எடுத்து வந்தது, அத்தனை பேரும் நறுக்நறுக்கென்று மென்று அந்தச் சத்தத்துக்கே விழுந்து விழுந்து சிரித்தது, யார் டப்பாவில் என்ன இருந்தது. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சொல்லும்போது விழுங்க முடியவில்லை. மென்று முடித்துத்தான் சொல்ல முடிந்தது.

"அப்புறம் லைன் வந்துடுச்சா?"

"ரெண்டு மணி நேரம் கழிச்சு. பன்னெண்டு விளக்கும் ஒண்ணா எரிஞ்சுது. யாருக்கும் எழுந்திருக்க மனசில்ல. அக்கா அழுதுட்டா, தெரியுமா? ஏன்னு கேட்டா, 'காரம்டி'ன்னா. அப்ப அவ வாயில இருந்தது வாழைப்பழம்."

அவர் எப்போதோ சாப்பிட்டு முடித்திருந்தார். விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

"கை காயுதே, போய்க் கழுவுங்க."

"நீ சாப்பிடு. நான் எங்க போகப் போறேன்?"

கீரையைத் தொட்டு ஒரு வாய் வைத்தாள். மென்றாள். நெற்றி சுருங்கியது.

"ஏங்க, நான் வச்ச கீரைல உப்பு பத்தலையே."

"முப்பது வருஷமா பத்தல."

"சொல்றதுக்கென்ன?"

"நீயும் அதைத்தானே சாப்பிடறேன்னு இருந்துட்டேன்."

அவள் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து மறுபடி உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.