சின்னக்கானலில் பெரட்டு

காலை ஆறரைக்கு, பொள்ளாச்சிக்கு மேற்கே உள்ள சித்தூரில் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு சேரும்போது பிற்பகல் மூன்று. அங்கிருந்து சின்னக்கானலுக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். பக்கத்து இருக்கையில் கடைசிவரை என் பைதான் இருந்தது. இரவு தங்க அறை எண்ணூறு ரூபாய்.

என் மனைவி பாக்கியம் இந்த ஊர்த் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவள். நான் பள்ளிக்குக் கிளம்பச் சுணங்கினால், “பெரட்டுக்கு நேரமாச்சு, ரெடியாவுங்க” என்பாள். வேலைக்குப் போகுமுன் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதுதான் பெரட்டு. நானோ ஆங்கில வாத்தியார். ஒருநாள் வீட்டுக்கு வந்த சக ஆசிரியர்கள் முன்னால், “அது பெரட்டு இல்லை, பரேடு. அப்படின்னா அணிவகுப்பு. சட்டை மாட்டறதுக்குப் பேரா அது?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதன்பின் அந்தச் சொல்லை அவள் சொல்லவே இல்லை.

அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. போன மாதம் சொற்பிறப்பு அகராதி ஒன்றில் பரேடு என்ற சொல் கண்ணில் பட்டது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் அடிவேரில் இருக்கும் சொல்லுக்கு ‘ஆயத்தமாக்கு’ என்று பொருள். பழைய பிரெஞ்சில் அது அலங்கரிப்பதையும் குறித்தது. அவள் சொன்னதில் தப்பே இல்லை. இதைச் சொல்ல வீட்டில் யாருமில்லாததால்தான் புறப்பட்டேன்.

மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பெரட்டுக் களத்துக்குப் போனேன். நல்ல பனி. இடுப்பில் பிளாஸ்டிக் படுதா கட்டிய பெண்கள் வரிசையில் நின்றார்கள். கடைசியில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள்.

“ஆரத் தேடுதீக சார்?”

“அஞ்சாம் லயத்துப் பாக்கியத்தைத் தெரியுமாம்மா? நான் அவ வீட்டுக்காரன்.”

“அந்த லயத்த இடிச்சு ரொம்ப வருசமாச்சே. எனக்குத் தெரியல சார்.”

மனம் கேட்காமல் அவளிடமே சொல்லின் கதையைச் சொன்னேன். தலைத்துண்டை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப இது வெள்ளக்காரன் வார்த்தையா? நாங்க எங்க பேச்சுன்னுல்லா நெனச்சோம்.”

“உங்க பேச்சுதான். நீங்க சொல்றதுதான் சரி.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷத்தில் பாக்கியத்திடம் ஒருமுறைகூட நான் அப்படிச் சொன்னதில்லை.

சூப்பர்வைசர் அவள் பெயரைக் கூப்பிட்டார். “வாரேன் சார்” என்று போனாள். பத்தே நிமிடத்தில் எல்லாரும் சரிவில் ஏறி மறைந்தார்கள். மூணாறு பஸ் ஒன்பதே காலுக்குத்தான். அதுவரை காலியான களத்திலேயே நின்றேன்.