கையில் பாஸ்போர்ட்

தொண்ணூறுகளில், லண்டனிலிருந்து சீனாவின் மலை ஏரிச் சரணாலயம் ஒன்றைப் பார்க்கப் போன குழுவில் நாங்கள் இருவர்தான் இலங்கைத் தமிழர். மற்றவர் லண்டன் லூயிஷாமில் பஸ் ஓட்டுபவர். மெலிந்த உடம்பு, வெயிலிலும் கழற்றாத மழைக்கோட்டு. வழியிலிருந்த திபெத்தியக் கிராமங்களுக்குள் நுழையும்போதெல்லாம் பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

“ஒருத்தரும் கேக்கேல்லையே, அண்ணை. உள்ளை வையுங்கோவன்,” என்றேன்.

“கேட்டாப்பிறகு பொக்கற்றுக்குள்ளை கையை விட்டால் சுட்டுப்போடுவாங்கள், தம்பி,” என்றார், நேரம் சொல்வதுபோல.

ஏரிக்கரையில் அவரைப் படம் எடுக்க விரும்பினேன். “அப்பிடியே நில்லுங்கோ” என்று கமராவைத் தூக்கினேன்.

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏரி நல்ல நீலம். அதன் முன்னால் அவர், பாஸ்போர்ட்டை விரித்து என் பக்கம் நீட்டியபடி நிற்கிறார்.