என் முதுகும் அவள் முதுகும்

நாற்பத்தாறு வயதில்தான் எனக்கு முதல்முறையாக ரத்தப் பரிசோதனை செய்தார்கள். நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கன்டெய்னர் யார்டில், ஒரு நாள் காலை மேசை போட்டு, டிரைவர்கள் எல்லாரையும் வெறும் வயிற்றில் வரச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். நாலு நாள் கழித்து வந்த தாளில் கொலஸ்ட்ரால் என்ற வரிக்கு எதிரே இருநூற்று எழுபத்திரண்டு என்று இருந்தது. அந்த எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள்.

வேறு சமயமாக இருந்தால் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறந்திருப்பேன். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் யார்டில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர் செத்துப் போயிருந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். காலை டீ குடிக்கும்போது, "மாமு, முதுகு புடிச்சிகினு கீது, கொஞ்சம் அமுக்கி வுடேன்" என்று என்னிடம்தான் கேட்டார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தோள்பட்டைகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். "ஆங், அங்கதான்" என்றார். அரை மணி நேரம் கழித்து கிரேன் ஏணிக்குக் கீழே கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். கொழுப்பு போய் அடைத்துக்கொண்டதாம்.

எனக்கு முதுகு வலி பதினைந்து வருடப் பழக்கம். நாள் முழுக்க அந்த சீட்டில் குலுங்கி, ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் இடுப்பைத் திருகிப் பின்னால் பார்த்துப் பார்த்து வந்தது. அதுவரை அதைப் பற்றிப் பெரிதாக நினைத்ததில்லை. தாள் வந்த நாளிலிருந்து அதே வலி வேறொன்றாகிவிட்டது. சுரீர் என்று ஒரு இழுப்பு இழுத்தால் வண்டியை நிறுத்திவிட்டு மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். வேகமாக அடித்தாலும் பயம், மெதுவாக அடித்தாலும் பயம். மீன் வறுவலைத் தொடுவதை விட்டேன். குனிவதை விட்டேன். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவதையும் விட்டேன்.

நாங்கள் இருப்பது எர்ணாவூரில், அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்பில், மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. லாரி வந்தால் கீழேயிருந்துதான் தண்ணீர் ஏற்ற வேண்டும். நான் விட்ட குடங்களை என் மனைவி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நாற்பத்து நாலு வயது. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைப்பாள். அவளுக்கும் முதுகு வலி உண்டு. மிஷின் மிதிக்கிற வலி என்று அவள் சொல்லுவாள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

திருவொற்றியூரில் ஒரு பெண் டாக்டரின் கிளினிக்குக்குப் போனோம். என் மனைவிதான் என் தாள்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தாள். டாக்டர் என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"இல்ல டாக்டர்."

"வேலை செய்யும்போது வலி வந்து, நின்னா குறையுதா?"

"சும்மா குந்திகினு இருந்தாலும் வலிக்குது."

"தாடை, கை எங்கயாவது இழுக்குதா? காரணம் இல்லாம வேர்க்குதா?"

"இல்ல."

ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க முதுகு வலி சீட்டுல உக்கார்ந்து வந்ததுங்க. கொலஸ்ட்ரால் தனியா ஒரு பிரச்சினை, அதுக்கு மாத்திரை எழுதறேன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. தினம் நடங்க" என்றார்.

நான் நம்பவில்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் மூன்று தடவை திரும்பப் போனேன். ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்து நாற்காலியில் உறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளையும் ஒரு தடவை பாருங்கள் டாக்டர் என்று சொல்ல என் வாய்க்கு வரவே இல்லை. அவள் கூட வந்தவள், நோயாளி நான்.

டாக்டர் சொன்னபடி சாயங்காலம் கடலோர ரோட்டில் நடக்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரத்திலேயே அவள் நின்றுவிடுவாள். அலை தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கல்லில் ஒன்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "நீ போயிகினே இரு, நான் இங்கியே கீறேன்" என்பாள்.

"இன்னா, நாலு எட்டு வைக்க முடியலியா உன்னால?"

"மிஷின் மிதிச்ச காலுயா."

எனக்கு எரிச்சலாக இருக்கும். என் நாடியை எண்ணிக்கொண்டே நான் மட்டும் நடப்பேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். லாரி வந்திருந்தது. அவள் இரண்டு நடை ஏற்றிவிட்டு மூன்றாவதுக்குப் போனாள். நான் கட்டிலில் படுத்து, முதுகுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரமாக ஆள் வரவில்லை. லாரியடியில் ஏதாவது சண்டையாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன், லாரி போய்விட்டிருந்தது. படியிறங்கிப் போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில், குடத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாச்சி?"

"முதுகு புடிச்சிகிச்சு. நடு முதுகுல. அந்த தைலத்த எடுத்துகினு வா, தேய்ச்சா சரியாப் பூடும்."

நான் தைலம் எடுக்கத் திரும்பினேன். நிஜமாகவே இரண்டு படி ஏறியும் விட்டேன். அப்புறம்தான் அவள் கழுத்தைப் பார்த்தது மனதில் உறைத்தது. ரவிக்கை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அது குடத்துத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்து நெற்றியைத் தொட்டேன், சில்லென்று வழிந்தது. அவள் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு வலிக்குதா?"

"தெரில. இங்கெல்லாம் இழுக்குது."

டாக்டர் என்னிடம் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் அந்தப் படிக்கட்டில் வந்து நின்றது. நான் இல்லை, இல்லை என்று சொன்ன எல்லாவற்றுக்கும் பதில் இவளிடம் இருந்தது. என் கட்டைவிரல் ஒரு முதுகில் அழுந்தியதும், "ஆங், அங்கதான்" என்ற குரலும் நினைவுக்கு வந்தன. கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். நாற்காலியில் உட்காரவைத்தே அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். திருவொற்றியூர் கிளினிக்குக்கு விடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ரோட்டில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றிருந்தன. வாழ்நாள் முழுக்க அந்த வண்டிகளிலிருந்து சரக்கு இறக்கியவன் நான். அன்றைக்கு ஒவ்வொன்றும் சுவர் மாதிரி இருந்தது. ஆட்டோக்காரர், "பயப்படாத நைனா, பூந்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கண்ணை மூடினால் நான் உலுக்கினேன். "நான் தூங்கலய்யா, வெயிலு கூசுது" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்ததும், "மறுபடியும் என்னங்க?" என்றார். குரலில் சலிப்பு இருந்தது.

"எனக்கு இல்ல டாக்டர். இவளுக்கு."

அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் மெதுவாக நடக்கவில்லை. ஈசிஜி தாள் வெளியே வர வர டாக்டர் அதைக் கையில் பிடித்துப் படித்தார். என் தாளைப் பார்த்தபோது இருந்த முகம் இல்லை அது. மாத்திரைகளை அவள் வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எவ்வளவு நாளா இந்த வலி?"

"அது கீது டாக்டர் ஒரு வருசமா. மாடி ஏறுனா வரும். நின்னா பூடும்."

"இவர்கூட இத்தனை தடவை வந்தீங்களேம்மா, சொல்லக் கூடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

ஆம்புலன்ஸில் போகும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடுப்புல கொழம்பு கீது, அணைச்சியா?" எனக்கு நினைவில்லை. கீழ்வீட்டுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தண்டையார்பேட்டை தாண்டும்போது, அணைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் வரை கண்ணை மூடியே வந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் பட்ட பயத்தை இன்றைக்கும் யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்னால் மூன்று மாதம் நான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வேறு எதுவோ.

பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடினார்கள். அவள் வளையலையும் தாலிச்சரட்டையும் ஒரு காகித உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். மீஞ்சூரில் கட்டிக் கொடுத்திருந்த எங்கள் மகள் மதியத்துக்குள் வந்துவிட்டாள். அப்பா, அழாதப்பா என்று அவள் சொன்னபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. மர பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். அன்று முழுக்க என் முதுகு வலித்துக்கொண்டுதான் இருந்தது. அது வெறும் முதுகு வலி என்று அன்றுதான் நம்பினேன்.

ஒரு ரத்தக் குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்ததாம். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டாள். அவள் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் என் எண்ணைவிட அதிகமாக இருந்தது. வார்டில் அதைச் சொன்னதும், "உன்னதவிட எனக்கு ஜாஸ்தியா?" என்று மெலிதாகச் சிரித்தாள்.

"நான் கேக்காம வுட்டுட்டேன்" என்றேன்.

"நானும் சொல்லல. உன் பேஜாரே வூடு முழுக்க கீது. இதுல நான் வேற எங்க போய்ச் சொல்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

போன வாரம், நாலு மாதத்துக்கு அப்புறம், மகள் வீட்டுக்குத் தனியாகப் போகிறேன் என்றாள். எனக்கு யார்டில் லீவு கிடைக்கவில்லை. கத்திவாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். மாத்திரை, தண்ணீர், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என்று மூன்று தடவை கேட்டதில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கால் மணி நேரப் பயணம். நான் வேலைக்குப் போகாமல் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தேன். போன் அடித்தது.

"எறங்கிட்டேன்."

"படி ஏறுனியா? முதுகு எப்டி கீது?"

"ஒண்ணும் இல்லய்யா."

"நெசமா?"

அவளுக்குப் பின்னால் யாரோ கீரை விற்கும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் மூச்சு வாங்குச்சி. நின்னேன். இப்போ சரியாப் பூட்ச்சி. உன்கிட்ட சொல்லிட்டேன், போதுமா?" என்றாள்.

அன்றே டாக்டரிடம் கேட்டேன். இந்த வாரம் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்.